தொடையில் கட்டிய ரப்பர் பட்டை

என் வீட்டுக்காரர் பிரியாணி மாஸ்டர். செய்யூர் சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் அடுப்பில் ஏற்றிய பெரிய தேக்சா முன்னால் நின்றே காலத்தை ஓட்டியவர். இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்துவிட்டது. தினம் சாயங்காலம் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, அந்தக் காலை என் மடியில் போட்டு, கீழிருந்து மேலாக நீவி விடுவேன். அழுத்தி நீவினால்தான் எனக்குத் திருப்தி.

செங்கல்பட்டு டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். "காலை யாராவது தேய்ச்சு விட்டீங்களா?"

நான்தான் என்றேன்.

"இனிமே கை வைக்காதீங்கம்மா. உள்ளே ரத்தம் கட்டியிருந்தா, தேய்க்கிறதுல பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடும். உயிருக்கே ஆபத்து."

யா அல்லா, என் கையாலேயே இந்த மனுஷனைக் கொல்லப் பார்த்தேனா?

ஸ்கேன் எடுப்பவர் மதியத்துக்கு மேல்தான் வருவாராம். அதற்குள் டாக்டர் என் வீட்டுக்காரர் தொடையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, வராந்தாவில் ஐந்து நிமிஷம் நடக்கச் சொன்னார். உள்நரம்பு சரியாக இருந்தால் வெளியே புடைத்தது வற்றிவிடும். அடைத்திருந்தால் கால் விண்ணென்று வலிக்கும், புடைத்த நரம்பை எடுக்கிற ஆபரேஷன் செய்ய முடியாது என்றார்.

நடந்தார். நான் காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன். வலித்தால் வாய் திறக்கிற ஜாதி இல்லை அவர். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தாடியைத் தடவுவார். கொதிக்கும் கஞ்சி கையில் கொட்டியபோதும் அப்படித்தான். மூன்றாவது சுற்றில் கை தாடிக்குப் போனது.

"வலிக்குதா பாய்?"

"அதெல்லாம் இல்ல சார், நல்லாத்தான் கீது. ஆபரேஷனுக்கு நாள் சொல்லுங்க. கல்யாண சீசன் வருது."

உண்மையைச் சொன்னால், நான் நீவி நீவிச் செய்த காரியம் என்னவென்று தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால்? டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"பொய் சொல்றாரு டாக்டர். அவருக்கு வலிக்குது."

வீட்டுக்காரர் என்னை முறைத்தார். ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருந்தது. அது இடம்விட்டு நகரவில்லையாம். மாத்திரை எழுதினார்கள், ஆபரேஷன் கிடையாது என்றார்கள்.

"இன்னாத்துக்கு சொன்ன?" என்றார் பஸ்ஸில்.

"நீங்க உசுரோட வேணும் எனக்கு. பேசாம வாங்க."

வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். என் கை தானாகப் போனது. படுவதற்குள் இழுத்துக்கொண்டேன்.

"இன்னா, தொடக்கூட மாட்டியா?"

இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, அந்தக் காலை மடியில் தாங்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.