முதல் கோப்பைச் சோறு

வெளிநாட்டில் வேலை என்று ஏமாற்றிக் கொண்டுபோய் ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்தவர்களிடமிருந்து தப்பி வந்த பெண் அவர். எங்கள் மறுவாழ்வு நிலையத்தில் சமையல் பயிற்சி முடித்ததும், கொழும்புத்துறைச் சாப்பாட்டுக் கடையொன்றில் நான்தான் வேலை எடுத்துக் கொடுத்தேன். நெடிய உருவம், இறுக்கி முடிந்த கொண்டை, சிரிப்புக் குறைவு.

முதல் நாளே கடைக்கார அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, சமையல் திறம். ஆனால் சனத்துக்குக் குடுக்க முதல் தான் இருந்து சாப்பிடுறா. சமைச்ச பொம்பிளை முதல் சாப்பிடுறது எங்கையாவது இருக்கோ?"

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஓடினேன். அவர் தான் சோறு சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடலாமே, அக்கா?"

"அந்த வீட்டிலை எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினால்தான் எனக்கு. கன நாள் மிஞ்சேல்லை. இனி நான் சாப்பிட்டிட்டுத்தான் மற்றவைக்குப் போடுவன்."

குரலை உயர்த்தவே இல்லை. கேட்டுக்கொண்டு நின்ற அம்மா உள்ளே போய்விட்டார்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் பசியோடு அங்கே போனேன். இருவரும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டும் எழும்பவில்லை. அம்மாதான் சோற்றைக் குழைத்தபடி சொன்னார்:

"உதிலை இருங்கோ தம்பி. நாங்கள் சாப்பிட்டிட்டு வாறம்."

அவ்வளவு சந்தோசமாக நான் பசி கிடந்தது அன்றைக்குத்தான்.