நத்தைகுத்தியின் மூக்கு

எங்கள் சிவகாசியில் ஒரு படம் நன்றாக இருக்கிறதென்று யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். அடுத்த கம்பெனிக்காரன் அதைத் திருடினால் நன்றாக இருக்கிறதென்று அர்த்தம். வெடிக்கட்டு லேபிளானாலும் தீப்பெட்டி லேபிளானாலும் காலண்டரானாலும் இதுதான் வழக்கம். நாம் மயில் போட்டால் மறு சீசனில் இன்னொருவன் மயிலின் தலையை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு விற்பான். அச்சாபீஸ் நடத்திய என் மாமனாருக்கு அப்படி ஒரு லேபிள் கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது ஐம்பதுகளின் கடைசியில். லேபிள் மாதிரிகளைப் படமெடுத்து வெளியூர் ஏஜெண்டுகளுக்கு அனுப்பலாம் என்று என் கணவர் ஒரு கேமரா வாங்கினார். வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமரா. இரண்டு ரோலில் அவருக்கு அலுத்துவிட்டது. பீரோவில் கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். அவர் அதைத் தேடவேயில்லை.

கொல்லையில் ஓணான், வேப்பமரத்தில் தவிட்டுக்குருவி, மழை விட்ட மறுநாள் மொட்டை மாடியிலிருந்து தெரியும் மேற்கு மலை என்று எடுத்துத் தள்ளினேன். வீட்டில் இத்தனை பேர் தலைசீவிப் பூ வைத்து நிற்கிறோம், இவளுக்கு ஓணான்தான் அழகாகத் தெரிகிறது என்று என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். அழகாகத்தான் தெரிந்தது. நான் என்ன செய்ய?

என் பிறந்த வீடு ஆமத்தூர் பக்கம். விவசாயக் குடும்பம். தை பிறந்து கண்மாயில் தண்ணீர் வற்றத் தொடங்கினால் நாரைகள் வந்து இறங்கும். அதில் நத்தைகுத்தி என்று ஒன்று. அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை. வாயை மூடினாலும் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாது. அந்தச் சந்து வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரியும். அந்தச் சந்தைப் படமெடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

என் கேமராவுக்குத் தூரத்துப் பறவையைக் கிட்டே இழுக்கத் தெரியாது. நான்தான் கிட்டே போக வேண்டும். ஆள் நடந்து போனால் நாரை எழும்பிவிடும். எருமை போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த ஒருநாள் எங்கள் எருமையின் முதுகோடு ஒட்டிக் குனிந்துகொண்டு சேற்றுக்குள் இறங்கினேன். சிவகாசி அச்சாபீஸ்காரர் வீட்டு மருமகள் முழங்கால் சேற்றில் எருமையோடு எருமையாக நிற்பதைக் கரையில் போனவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாரை தலை தூக்கியது. எருமையும் தலை தூக்கியது. அழுத்திவிட்டேன்.

படத்தை விருதுநகர் ஸ்டுடியோவில் கழுவி வாங்கினோம். கீழ் மூலையில் எருமைக் கொம்பின் நுனி விழுந்திருந்தது. மற்றபடி சந்தும் சந்துக்குள் வானமுமாக, நான் நினைத்தது அப்படியே வந்திருந்தது. அடுத்த காலண்டருக்குப் புதுப் படம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்த மாமனார் அதைப் பார்த்துவிட்டு, வர்ணம் தீட்டக் கொடுக்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வர்ணம் தீட்டிய படம் வீட்டுக்கு வந்தபோது சந்தைக் காணோம். ஸ்டுடியோவில் கழுவும்போது கீறல் விழுந்துவிட்டது என்று நினைத்து எங்கள் ஆபீஸ் ஓவியர் அதை அழகாக மூடிவிட்டார். கீறல் என்று ஏதாவது கண்ணில் பட்டால் மூடுவதுதானே அவர் வேலை. நத்தைகுத்தி சாதாரணக் கொக்காகிவிட்டது.

மாமனாரிடம் போய் அது கீறல் இல்லை, மூக்கே அப்படித்தான் என்றேன். அவர் ஒப்பவில்லை. புது வருசத்தன்று கடையில் மாட்டுகிற படத்தில் குறை இருக்கக்கூடாது, மூக்கு உடைந்த பறவையை எந்த வியாபாரி வாங்குவான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"மூடித்தான் போடணும்னா எம் படத்தத் திருப்பிக் குடுத்துருங்க மாமா. எங்க கண்மாயில அப்படி ஒரு பறவை கெடையாது" என்றேன்.

அவரிடம் அப்படிப் பேசியவர்கள் இல்லை. அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். படம் போச்சு என்றே நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து விருதுநகருக்கு லோடு ஏற்றிப் போகிற வேனில் என்னையும் ஏறச் சொன்னார். ஆமத்தூர் கண்மாய்க் கரையில் நிறுத்தி, குடையை விரித்துக்கொண்டு நின்றார். ஒரு நத்தைகுத்தி சேற்றுக்குள் மூக்கை விட்டு ஒரு நத்தையைப் பிடித்தது. மூக்கைத் திருகித் திருகி, சதையை மட்டும் உருவி விழுங்கிவிட்டு ஓட்டைத் தள்ளிவிட்டது. இன்னொன்றைப் பிடித்தது. அவர் அசையவேயில்லை. வேன் டிரைவர் நேரமாகிறது என்று ஹாரன் அடித்தபோதும் திரும்பவில்லை. கிளம்பும்போது குனிந்து ஒரு காலி நத்தை ஓட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அந்த ஓட்டை ஓவியரின் மேசையில் வைத்துவிட்டு, "அந்தச் சந்த மூடாதீக. அது தொழில் செய்யிற மூக்கு" என்று சொன்னாராம். என் கணவர் வந்து சொன்னார். எருமைக் கொம்பையும் அழிக்க வேண்டாம் என்றாராம்.

காலண்டர் வந்தது. பலசரக்குக் கடைகளில் தொங்கியது. நன்றாக இருக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அதற்கடுத்த தீபாவளி சீசனில் ஒருநாள் மாமனார் மத்தியானம் வேகவேகமாக வீட்டுக்கு வந்தார். கையில் யாரோ ஒரு கம்பெனியின் வெடிக்கட்டு. வழக்கமாக அந்த மாதிரிக் கட்டைத் தரையில் வீசி எறிந்துவிட்டுத் திட்ட ஆரம்பிப்பார். அன்றைக்கு எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"தாயி, ஒம் படத்தத் திருடிட்டான்" என்று என் கையில் கொடுத்தார்.

என் நாரைதான். தலையை அந்தப் பக்கம் திருப்பியிருந்தான். மூலையிலிருந்த எருமைக் கொம்பைக் காய்ந்த கிளை என்று நினைத்து அதில் இரண்டு பச்சை இலை போட்டிருந்தான். மாமியார் அந்தக் கட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கின் சந்தை மட்டும் அவன் தொடவில்லை.