ஆறாம் கட்டில் டிரைவர்

ஆபரேஷன் முடிந்தவர்களைக் கொண்டுவந்து கிடத்தும் அறையில் இருபத்தொன்பது வருஷம் நர்சாக இருந்தவள் பஸ் டிரைவரின் மனைவி. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் சிஸ்டர். கட்டிய புருஷனுக்கும் சிஸ்டர்தான். அவர் வாயில் வேறு பெயர் வந்ததே இல்லை.

மயக்க மருந்து என்றால் சும்மா தூங்கவைத்துவிட்டுப் போகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். தெளியும்போது சிலருக்கு மனசையே கலைத்துப் போட்டுவிடும். ஒரு தையல்காரர் வெறும் காற்றில் ஊசி கோர்த்தார். ஒரு டீச்சரம்மா வார்டு முழுக்க அட்டெண்டன்ஸ் எடுத்து, பதில் சொல்லாத டாக்டரைப் பெஞ்சு மேல் ஏறச் சொன்னார். இதெல்லாம் சிரிப்பு. அலறி, கையில் ஏறும் டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு.

அதற்கு சிஸ்டர் ஒரு வழி வைத்திருந்தாள். மயக்கம் கொடுக்குமுன் "எங்க போயிட்டு வரப்போறீங்க?" என்று கேட்பாள். கடற்கரை, அக்கா வீடு, சினிமா என்று எதைச் சொன்னாலும் ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி ஃபைலில் ஒட்டுவாள். நல்லதை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அலறுவது குறைவு என்று அடித்துச் சொல்வாள். திரும்பி வரும்போது சத்தம் கூடாது, கண்ணாடி போடுகிறவருக்குக் கண்ணாடியை மாட்டிவிட வேண்டும், ஒரே ஒரு ஆள்தான் பேச வேண்டும். எதிர்த்துப் பேசுவது கூடவே கூடாது.

டிரைவரே அப்படி வந்து சேர்ந்தவர்தான். குடல்வால் ஆபரேஷன், ஆறாம் கட்டில். "பஸ் ஓட்டிட்டு வர்றேன்" என்று போனவர், தெளியும்போது "படியில நிக்காதம்மா, உள்ள ஏறு!" என்று அவளை விரட்டினார்.

"ஏறிட்டேன் அண்ணே, ரைட்!" என்றாள் அவள்.

அண்ணே என்றவளையே கட்டிக்கொண்டாரே என்று சிநேகிதர்கள் கிண்டலடித்து ஓய்ந்ததில்லை. ஆஹா, அது ஒரு காலம்!

எழுபது வயதில் சிஸ்டர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது டிரைவர் கையில் பிளாஸ்திரித் துண்டோடு கூடவே ஓடினார்.

"எங்க போயிட்டு வரப்போற சிஸ்டர்?"

"சும்மா இருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று வெட்கப்பட்டாள். பிளாஸ்திரி எழுதாமலே நின்றுபோயிற்று.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சாயங்காலம்தான் வந்தது வினை. "விடுங்க என்னை, டியூட்டிக்கு நேரமாச்சு!" என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தாள். இன்று எழுந்து விழுந்தால் மறுபடி ஆபரேஷன்தான், இந்த வயதில் இன்னொரு மயக்கம் தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "என்ன டியூட்டி? நீ ரிட்டையர் ஆகி பன்னெண்டு வருஷமாச்சு!" என்று கத்தினார். இத்தனை வருஷம் அவள் சொல்லக் கேட்ட மனுஷன்! இவரை என்ன செய்வது?

"யாருய்யா நீ?" என்று அவரைத் தள்ளினாள். வார்டு நர்ஸ் ஒருத்தி, சின்னப் பெண், சிஸ்டரின் கையைக் கட்டிலோடு கட்டத் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

 அப்போதுதான் டிரைவருக்குப் புத்தி வந்தது. "கட்டாதம்மா, கொஞ்சம் பொறு." மேசையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து அவளுக்கு மாட்டினார். குரலை இறக்கினார்.

"யாரைப் பாக்கப் போறீங்க சிஸ்டர்?"

"ஆறாம் கட்டில்ல ஒரு பஸ் டிரைவர். இன்னும் கண்ணு முழிக்கல. நான் பக்கத்துல இல்லன்னா பயந்துருவார்."

 டிரைவர் அவள் பக்கம் குனிந்து, இறக்கிய குரலிலேயே பேசினார்.

"அவர் முழிச்சிட்டார் சிஸ்டர். நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. அவர் பயப்படவே இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் மெல்லத் தலையணையில் சாய்ந்தாள். "அப்ப ரைட் சொல்லுங்க" என்றாள்.

"ரைட்" என்றார்.

அவள் கண்ணை மூடியபின், சட்டைப் பையிலிருந்த பிளாஸ்திரித் துண்டை எடுத்து 'ஆறாம் கட்டில்' என்று எழுதி, அவளுடைய ஃபைலில் ஒட்டினார்.