கையுறைக்காரனுக்குத் தண்டனை உண்டா

பார்வையாளர் புகார் கொடுத்தால் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் ஒப்புகை தர வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் தொடர்களைக் காட்டும் நிறுவனங்களுக்கு மத்திய அரசு வகுத்த விதி இது. குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நல்ல விதி. படித்தபோது, எழுதியவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அவருக்கு இல்லை என்பதும் வரிக்கு வரி தெரிந்தது.

பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் மனுக்களோடு வாழ்ந்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் எழுதியவன். ஓய்வு பெற்ற பின், திருநகர் வீட்டில் உட்கார்ந்து மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனு எழுதினேன். இணையத் தொடரில் வரும் ஒரு பறக்கும் கதாநாயகனுக்குத் தண்டனை கிடைக்குமா, கிடைக்காதா என்று கேட்கும் மனு. எனக்காக அல்ல, மைத்துனருக்காக.

மைத்துனர் என் மனைவியின் தம்பி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் நிலமும் ஓர் உரக்கடையும் வைத்திருந்தவர். அவர் மனைவி முதலில் போனார். சில ஆண்டுகள் கழித்து ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்த பெண்; ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது நான்குவழிச் சாலையில் ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போனது. வெள்ளைக் கார், முன்னால் கொடி கட்டியிருந்தது என்று பார்த்தவர்கள் முதல் நாள் சொன்னார்கள். ஒரு வாரத்தில் கொடி காணாமல் போயிற்று. பிறகு வெள்ளை போயிற்று. கடைசியில் அது காராகத்தான் இருக்க வேண்டுமா என்பதே சந்தேகம் என்றாகிவிட்டது. வாகனத்தைக் கண்டுபிடிக்க இயலவில்லை, வழக்கு முடிக்கப்படுகிறது, ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாட்களுக்குள் தெரிவிக்கவும் என்று ஓர் அறிவிப்பு வந்தது.

அந்த உறையை மைத்துனர் பிரிக்கவில்லை. கடையில் பூச்சிமருந்து அடுக்கின் மேல் வைத்துவிட்டார். என் கைக்கு வந்தபோது நாள் தாண்டியிருந்தது. எவ்வளவு தாண்டியிருந்தது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எந்தத் தேதியில் வந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

“தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுப் போடலாம் மாப்ள. வழி இருக்கு” என்றேன்.

“விடுங்க அத்தான்” என்றார்.

அதோடு அந்தப் பேச்சு நின்றது. கடையை மூடினார், நிலத்தைக் குத்தகைக்கு விட்டார், எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். கூடவே சர்க்கரையும் வந்தது. இடது கண்ணை அது எடுத்துக்கொண்டது. வலது கண்ணும் போகும், லேசர் வைத்துத் தள்ளிப்போடத்தான் முடியும் என்று கண் மருத்துவர் சொன்னார். தள்ளிப்போடுவது எனக்குப் பழகிய சிகிச்சை என்பதால் நான் விளக்கம் கேட்கவில்லை.

தொடர் எங்கள் வீட்டுக்குள் வந்தது தற்செயலாக. பெங்களூரில் இருக்கும் என் மகள் தன் இணையப் படச் சந்தாவில் எங்கள் டிவியையும் சேர்த்துவிட்டிருந்தாள். ஒரு சாயங்காலம் என் மனைவி பழைய பக்திப் படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க, திரையில் இந்தத் தொடர் தானாகவே ஓட ஆரம்பித்தது. தமிழில் பேசினார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம்; அங்கே ஒரு நிறுவனம் அதிசய சக்தி உள்ள ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது. அவர்களில் தலைவன் வெள்ளைக் கையுறை போட்டவன், பறப்பவன். முதல் பகுதியிலேயே திருடர்களைத் துரத்திக்கொண்டு ஒரு பாலத்தில் வந்து இறங்குகிறான். இறங்கிய வேகத்தில், சைக்கிளில் வந்த ஒரு பெண் தூக்கியெறியப்பட்டு ஆற்றில் விழுகிறாள். அவன் எட்டிப் பார்க்கிறான். கையுறையைச் சரிசெய்துகொள்கிறான். பறந்துபோகிறான். மறுநாள் நிறுவனம், திருடர்கள்தான் அவளைத் தள்ளினார்கள் என்று அறிக்கை விடுகிறது. அவன் பூங்கொத்தோடு அவள் வீட்டுக்குப் போகிறான். பின்னால் கேமரா போகிறது.

“அடப்பாவி, பாத்துட்டுல்ல போறான்!” என்றாள் என் மனைவி.

“சந்தேக மரணம்னு பதிவு பண்ணி விசாரிச்சிருக்கணும்” என்றேன் நான்.

 மைத்துனர் நாற்காலியைத் திரைக்கு வெகு அருகில் இழுத்துப் போட்டு, வலது கண் படும்படி தலையைச் சாய்த்துக்கொண்டார். “அக்கா, அந்தப் பாலத்த மறுபடி போடு” என்றார்.

அன்றிலிருந்து தினம் விளக்கேற்றியதும் தொடர். ரத்தம் நிறைய. கெட்ட வார்த்தைகளையும் மொழிபெயர்த்தவர் குறைவைக்கவில்லை. என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள், சாபம் கொடுத்துக்கொண்டே பார்த்தாள். நான் அந்த ஊர் நிர்வாகத்தைப் பார்த்தேன். ஒரு மனிதனைப் பறக்க அனுமதித்தது யார், எந்த ஆணையின்படி, புதுப்பித்தல் உண்டா என்று எந்தப் பகுதியிலும் சொல்லப்படவில்லை. மைத்துனர் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தார்.

“அடுத்ததுல மாட்டிருவான் அத்தான். அந்தப் பத்திரிகைக்காரம்மா பாலத்து வீடியோவ எடுத்துருச்சு பாருங்க.”

“எடுத்தா? பத்திரமாத் திருப்பிக் கொடுக்கும்” என்றாள் என் மனைவி. “அவன் மாட்டுனா அடுத்த பாகத்துக்கு என்னத்தக் காட்டுவாய்ங்க? கடைய மூடிட்டுல்ல போகணும்?”

மாட்டவில்லை. முதல் பாகம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் பத்திரிகைக்காரம்மா மாடியிலிருந்து விழுந்தாள். அவன் அவள் வீட்டுக்கும் பூங்கொத்து கொண்டுபோனான்.

கண் மருத்துவமனையிலிருந்து ஒருநாள் நாங்கள் இருவரும் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். திருப்பரங்குன்றம் ரயில்வே கேட் பக்கம் போக்குவரத்து நெரிசலில் நின்றபோது, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டியிருந்த படத்தை மைத்துனர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். வெள்ளைக் கையுறை, இறுக்கிய முஷ்டி.

“தம்பி, இது யாருன்னு தெரிஞ்சுதான் ஒட்டிருக்கியா?”

“தெரியாம ஒட்டுவமாண்ணே? நம்ம தல. மூணு பாகமும் பாத்துட்டேன். செம மாஸுண்ணே.”

“இவன் ஒரு பிள்ளையக் கொன்னவன்ல?”

“எந்தப் பிள்ள? ஓ, அந்தப் பாலத்துலயா? அது தெரியாம நடந்ததுண்ணே. இம்புட்டுப் பெரிய ஆளு வாரப்ப அந்தப் பொண்ணு எதுக்குண்ணே குறுக்க வருது?”

மைத்துனர் முகம் மாறியதைக் கண்டேன். ‘அந்த நேரத்துல அந்தப் பிள்ள எதுக்கு அந்த ரோட்டுல போகுது’ என்று அவர் மகளின் காரியத்துக்கு வந்த உறவினர்கள் இருவர், காப்பி குடித்துக்கொண்டே கேட்டது எங்கள் காதில் விழுந்திருந்தது.

“நிறுத்துப்பா. இறங்கிக்கிறோம்” என்றார்.

“இன்னும் திருநகர் வரலியேண்ணே?”

“நடந்துக்கிறோம்.”

வெயிலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். 

அதன்பின் மற்றவர்கள் அந்தத் தொடரைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். கைப்பேசியில் எழுத்து தெரியாததால் என் மனைவி வாசித்துக் காட்டினாள். “தலைவா.” “வேற லெவல்.” “நம்ம ஊருக்கு இப்படி ஒருத்தன் வேணும்.” குறை சொன்னவர்களும் இருந்தார்கள்: மூன்றாம் பாகத்தில் உடுப்பின் நிறம் சரியில்லை, தமிழ்க்குரல் கட்டையாக இருக்கிறது. கீழே கீழே போய்க்கொண்டே இருந்தாள். பாலத்துப் பெண்ணைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

“நாம எழுதுவம்க்கா” என்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்: பாலத்தில் இறந்த பெண்ணுக்கு நியாயம் கிடைக்குமா?

மறுநாள் பார்த்துவிட்டு, மூன்று பதில் வந்திருக்கிறது என்றாள். வாய்விட்டுச் சிரிக்கும் பொம்மை ஒன்று. “அங்கிள், நீங்க போய் மெகா சீரியல் பாருங்க” என்று ஒன்று. இரண்டையும் வாசித்துவிட்டுக் கைப்பேசியை மடியில் கவிழ்த்தாள்.

“மூணு பதில்னு சொன்ன. ரெண்டுதான் வாசிச்ச?”

“அது ஒண்ணுமில்லடா.”

“வாசிக்கா.”

“எந்தப் பொண்ணுன்னு கேட்டிருக்கான்.”

மைத்துனர் என் பக்கம் திரும்பினார். “அத்தான், அடுத்த பாகம்தான் கடைசியாம். எப்ப வரும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான். அதுவரைக்கும் என் கண்ணு நிக்காது. நீங்க எழுதிக் கேளுங்க. அவனுக்குத் தண்டனை உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

“கதைய முன்கூட்டிச் சொல்ல மாட்டாய்ங்க மாப்ள.”

“எழுதுங்க அத்தான். உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே.”

சொந்த மகளுக்காக எழுத வேண்டாம் என்றவர். அதனால் என்னால் மறுக்க முடியவில்லை.

பழக்கப்படி எழுதினேன். பொருள்: முதல் பாகத்தில் பாலத்தில் நேர்ந்த மரணம் – பொறுப்பானவர் மீது நடவடிக்கை – விவரம் கோருதல் – தொடர்பாக. விதி உள்ளடக்கம் குறித்த புகாருக்குத்தான் பொருந்தும் என்பதால், கொலையைத் தண்டனையின்றித் தொடர்ந்து காட்டுவது பார்வையாளருக்கு மன உளைச்சல் தருகிறது என்று ஒரு பத்தி சேர்த்தேன். பொய்யில்லை. ஆனால் நிறுவனத்தின் பக்கத்தில் இருந்தது ஒரு சின்னப் பெட்டி. என் இரண்டு பக்கம் அதில் நான்கு வரியாகச் சுருங்கியது. புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்: பணம் பிடித்தம், படம் நின்று நின்று வருதல், கடவுச்சொல் மறதி, மற்றவை. மற்றவை என்பதை அழுத்தினேன். அந்த வார்த்தையின் கீழ் எத்தனை மனுக்கள் உறங்கும் என்பதை அறிந்தவன் நான்.

ஒப்புகை வரவில்லை. முடிவும் வரவில்லை. அடுத்த படி, நிறுவனங்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு. அங்கிருந்து உடனே பதில் வந்தது: நிறுவனம் அளித்த முடிவின் நகலை இணைக்கவும். முடிவு அளிக்கப்படவில்லை என்பதுதான் புகார் என்று எழுதினேன். பிறகு அவர்களும் அடங்கிவிட்டார்கள். மூன்றாவது படி அமைச்சகம். அங்கே மனுவுக்கு ஓர் எண் கிடைத்தது.

“நம்பர் குடுத்துட்டானா? அப்பப் பாப்பாய்ங்க அத்தான்” என்றார் மைத்துனர்.

நான் எத்தனையோ பேருக்கு எண் கொடுத்திருக்கிறேன். “பாப்பாங்க” என்றேன்.

மழைக்காலம் போயிற்று. வலது கண்ணில் முதலில் முகங்கள் கலைந்தன, பிறகு ஜன்னல் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது, பிறகு அதுவும் சில நாள் தெரிந்து சில நாள் தெரியவில்லை. நாற்காலியை மட்டும் அதே இடத்தில்தான் போட்டுக்கொண்டார். முதல் பகுதியைப் போடச் சொல்லிக் காதால் கேட்டார். சைக்கிள் மணி வரும். தண்ணீர்ச் சத்தம் வரும். பிறகு கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இராது.

“இப்பக் கையுறையச் சரி பண்றானாக்கா?”

“ஆமாடா.”

கடைசி பாகம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தது. காரணம் சொல்லவில்லை.

ஒரு முற்பகலில் என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. நிறுவனத்திடமிருந்து, நல்ல தமிழில். பக்கத்துத் தெருக் கடையில் அச்செடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் மைத்துனருக்கு வாசித்தேன். ஒரு பதிலைக் கூட்டியும் குறைத்தும் வாசிப்பது என் பழக்கமல்ல.

“அன்புள்ள ரசிகரே, எங்கள் நாயகன் மீது நீங்கள் வைத்திருக்கும் அன்புக்கு நன்றி. உங்களைப் போன்ற ரசிகர்கள் தரும் வரவேற்பைக் கருத்தில் கொண்டு, அவர் தனித் தொடர் ஒன்றில் மீண்டும் வருகிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். தங்கள் புகார் தீர்வு காணப்பட்டதாகக் கருதி முடிக்கப்படுகிறது.”

“நாசமாப் போவாய்ங்க” என்று சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்.

மைத்துனர் கையை நீட்டித் தாளை வாங்கினார். வெற்றுப் பக்கம் எது, எழுத்துள்ள பக்கம் எது என்று தெரியாமல் இருபுறமும் தடவினார்.  

“அத்தான், இதுக்கு மேல அப்பீல் உண்டுல்ல?”

“உண்டு மாப்ள. பதினஞ்சு நாளைக்குள்ள.”

“போன தடவ மாதிரி விட்ரக் கூடாது. இது இன்னைக்குத்தான் வந்துச்சுன்னு மொதல்ல அதுல எழுதுங்க.”

தாளைத் திருப்பி வாங்கினேன். மேல் மூலையில், அலுவலகத்தில் எழுதுவதுபோலவே சற்றுச் சாய்த்து எழுதி, அவருக்குக் கேட்கும்படி வாசித்தேன்: பெறப்பட்டது, பிப்ரவரி பதினொன்று.