லாந்தியின் பல்லில் எள்

லாந்தி திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாள் என்பதில் எங்கள் பட்டறையில் யாருக்கும் சந்தேகமே இல்லை, என்னைத் தவிர. அதற்காக என்னை நல்ல மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். நான் யாரையும் லேசில் நம்புகிற ரகம் இல்லை. மீன்காரன் எனக்குக் கொசுறு போட்டால்கூட, எந்த மீன் கெட்டுப்போயிருக்கிறது என்று கூடையைக் கிளறுகிறவள். ஆனால் நாள் முழுக்க அவளுக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அவள் வாய் அசைந்தால் என் கண்ணுக்குத் தப்பாது.

சீனக் கடற்கரை நகரமான நிங்போவில் பழைய படகுத்துறைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் பட்டறை. கறுப்பு எள்ளை வறுத்து இடித்து, சர்க்கரையும் பன்றிக் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து உருட்டுவது லாந்தியின் வேலை. அந்த உருண்டையை அரிசி மாவுக்குள் வைத்து மூடுவது என் வேலை. விளக்குத் திருவிழா நெருங்கினால் மூச்சுவிட நேரமிருக்காது. இப்படி எள்ளிலும் சர்க்கரையிலும் முழங்கை வரை முங்கியிருக்கிறவளுக்குச் சர்க்கரை நோய் வந்தால் ஊர் வாயை மூட முடியுமா? பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள்.

நோய் வந்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எப்போது பார்த்தாலும் தாகம், எடை குறைந்துகொண்டே வந்தது. பேட்டைக் கிளினிக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கிளினிக் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும்: 'வாயைக் கட்டு, காலை வீசு'. லாந்தி வாயைக் கட்டினாள். சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்து காலையும் வீசினாள். சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். அப்போதும் இறங்கவில்லை. கடைசியில் கிளினிக் டாக்டர் அவள் கணவன் ஆகென் காதில் விழும்படியே சொன்னார்:

"அக்கா, நீங்க மறைச்சு ஏதோ சாப்பிடுறீங்க. மாத்திரை பொய் சொல்லாது."

அன்றைக்குப் பிடித்தது சனி.

ஆகென் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் லாந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஒரு தலைமுழுக்குப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். இவனோ அவளுக்காகக் கீரை வேகவைத்துக் கொடுப்பான், பாகற்காயை வதக்கிக் கொடுப்பான், பிறகு அவள் கைப்பையைத் துழாவுவான். ஒருநாள் அவர்கள் வீட்டில் உப்பில் ஊறப்போட்ட வாத்து முட்டையில் எனக்கும் பங்கு வைத்திருப்பதாகச் சொன்னாள் என்று வேலை முடிந்து அவளோடு போனேன். நாங்கள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆகென் வாசலுக்கு வந்துவிட்டான்.

"பல்லைக் காட்டு."

விளையாட்டு என்று நினைத்தேன். லாந்தி வாயைத் திறந்தாள். தினம் நடக்கிற காரியம்போல் அத்தனை பழக்கமாகத் திறந்தாள். அவன் கைப்பேசி விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தான்.

"இது என்ன, கறுப்பா?"

"எள்ளு. இடிக்கும்போது தூசி பறக்குது. மூக்குல போகுது, காதுல போகுது. வாயில போகாதா?"

"காதுல போனா சர்க்கரை ஏறாது."

"நான் தின்னலைங்க."

"அப்ப உன் ரத்தத்துக்குள்ள உக்காந்து யாரு தின்னுறா? பக்கத்து வீட்டுக்காரனா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் ஆகென், நானும் அந்தப் பட்டறையிலதான் குப்பை கொட்டுறேன். என் பல்லையும் பாரேன்" என்று அவன் முகத்துக்கு நேரே வாயைப் பிளந்தேன்.

"உங்க பல்லைப் பாத்து எனக்கு என்னக்கா ஆகப்போகுது? உங்க வியாதிய உங்க வீட்டுக்காரர் பாத்துக்குவாரு. எங்க டிப்போவுல ஒருத்தருக்கு இந்தச் சர்க்கரையால காலை எடுத்துட்டாங்க. எனக்கு இருக்கிறது ஒரு பொண்டாட்டி." அவன் குரல் உடைந்தது. உடனே அதை மறைக்க அதட்டினான். "வசந்த விழாவுக்குள்ள இறங்கலேன்னா பட்டறைய விட்டு நின்னுடு. சொல்லிட்டேன்."

பட்டறையை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? வீட்டில் அவள் குற்றவாளி. ஹாங்ஜௌவில் படிக்கிற மகள் ஜியாமின்கூட போனில், "அம்மா, உண்மையச் சொல்லிடேன், நாங்க கோவிக்க மாட்டோம்" என்றுதான் பேசினாள். எள் உரலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்றுதான் அவள் மனுஷியாக இருந்த நேரம். அங்கேயும் முதலாளி சர்க்கரை மூட்டையை ஒரு தினுசாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அவள் சோற்றை விட்டாள். முட்டைக்கோஸை வெந்நீரில் போட்டுத் தின்றாள். கன்னம் ஒட்டி, மணிக்கட்டில் வளையல் நிற்காமல் போனது. ஒருநாள் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"ஹைதாங் அக்கா, நான் தூக்கத்துல எந்திரிச்சுப் போய்த் தின்னுறேனோ?"

"உனக்கென்ன பைத்தியமா?"

"இல்லக்கா. எல்லாரும் பொய் சொல்லுவாங்களா? டாக்டர், அவரு, பொண்ணு, சர்க்கரை பாக்குற மிஷினு. நேத்து அலமாரிக் கதவுல ஒட்டு நாடா ஒட்டிட்டுப் படுத்தேன். காலையில பாத்தா அப்படியேதான் இருந்துச்சு. அப்பவும் எனக்குச் சந்தேகம் போகல. பிரிச்சுத் தின்னுட்டு மறுபடி ஒட்டியிருப்பேனோன்னு."

ஊர் சந்தேகப்பட்டால் சண்டை போடலாம். தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தவள் யாரோடு சண்டை போடுவாள்?

இந்த நிலையில்தான் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் ஏதோ ஆராய்ச்சி நடக்கிறது, சர்க்கரை நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து இலவசமாகச் சோதிக்கிறார்கள் என்று ஆகென் கேள்விப்பட்டு வந்தான். இலவசம் என்றதும் எனக்கு மூக்கில் வேர்த்தது. எங்கள் பேட்டையில் இலவச முட்டை கொடுத்துக் கூட்டம் சேர்த்துக் கிழடுகளின் தலையில் காந்த மெத்தையைக் கட்டிவிட்டுப் போனவர்களை நான் மறக்கவில்லை.

"முட்டை தர்றாங்களா?" என்று லாந்தியைக் கேட்டேன்.

"இல்லக்கா."

"அப்ப முட்டையை விடப் பெருசா எதையோ எடுக்கப் போறாங்க."

"எடுக்கட்டும்" என்றாள் லாந்தி. "அவரு எதுக்குக் கூட்டிட்டுப் போறாருன்னு எனக்குத் தெரியும். மூணு மாசமா என்ன தின்னேன்னு ரத்தம் காட்டிக்கொடுத்துடுமாம். கையும் களவுமாப் பிடிக்கப் போறாராம். பிடிக்கட்டும். என் வாய் சொன்னா யாரும் கேக்கல. ரத்தமாவது எனக்காகப் பேசட்டும்."

ரத்தம் எடுத்த அன்று நானும் போனேன். குப்பி குப்பியாக எடுத்தார்கள். எடுப்பது போதாதென்று, வூ என்கிற பெண் டாக்டர் லாந்தியின் பின்னால் நின்று கழுத்தைத் தடவ ஆரம்பித்தார். லாந்தி வெடுக்கென்று திரும்பினாள்.

"எனக்குச் சீக்கு சர்க்கரைதான். கழுத்துல என்ன தேடுறீங்க?"

"எச்சில் முழுங்குங்க அக்கா. இங்க லேசா வீங்கியிருக்கே. இதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சின்ன மாத்திரை ஒண்ணு. அஞ்சாறு வருஷமாச்சு. உடம்பு சில்லுன்னு இருக்கும், அசதியா வரும், அதுக்குக் குடுத்தாங்க."

"சர்க்கரை பாக்குற டாக்டர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவரு கேக்கலையே. கழுத்துக்கு ஒருத்தர், சர்க்கரைக்கு ஒருத்தர்."

கழுத்துச் சமாச்சாரம் எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு வீடு உண்டு. எல்லாம் கடை உப்பில் அயோடின் கலக்கிறதால் வருகிற வினை என்பது என் கட்சி. டாக்டரிடமும் அதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. படித்தவர்கள் நழுவுகிற மாதிரி நழுவினார். ஆகெனுக்கு உப்பைப் பற்றி அக்கறையில்லை.

"டாக்டர், இந்த ரத்தத்துல அவ ரகசியமாத் தின்னது தெரிஞ்சிடும்ல?"

வூ டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தெரியுதுன்னு பாக்கலாம்" என்றார். எனக்கு அந்தப் பதிலும் பிடிக்கவில்லை.

வெளியே வந்ததும் நான் பிளாஸ்க்கைத் திறந்தேன். ரத்தம் கொடுத்தவளுக்குச் செஞ்சர்க்கரையும் பேரீச்சையும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கை பழக்கத்தில் செய்துவிட்டது, யாருக்கு என்று யோசிக்கவில்லை. ஆகென் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தான்.

"ஓ. சரக்கு சப்ளை நீங்கதானா?"

லாந்தி சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

முடிவு வாங்க வரச்சொன்ன நாளில் லாந்தி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "நீயும் வாக்கா. டாக்டர் என்ன சொன்னாலும் வீடு வந்து சேர்றதுக்குள்ள அவரு அதை மாத்திடுவாரு. எனக்குச் சாட்சி வேணும்" என்றாள். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். வூ டாக்டர் ஆகெனைப் பார்க்காமல் லாந்தியைப் பார்த்தே பேசினார்.

"அக்கா, உங்களுக்கு இருக்கிறது எல்லாருக்கும் வர்ற சர்க்கரை இல்ல. உடம்பைக் காக்கிறதுக்குன்னு ரத்தத்துல காவல் இருக்கு. உங்க உடம்புல அந்தக் காவலே வீட்டு ஆளைத் திருடன்னு நினைச்சு அடிக்குது. முதல்ல கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியை அடிச்சிருக்கு. அதான் அந்த மாத்திரை. இப்போ இன்சுலின் சுரக்கிற கணையத்தை அடிக்குது. சில பேருக்கு ரெண்டும் சேர்ந்து வரும். நம்ம ஜனங்கள்ல எத்தனை பேருக்கு அப்படி வருதுன்னுதான் நாங்க பாத்துக்கிட்டிருக்கோம்."

"வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லுங்க" என்றேன் நான்.

"அதேதான். மேய்ஞ்சது போக மிச்சம் கொஞ்சந்தான் இருக்கு."

ஆகெனுக்கு வேலியும் ஏறவில்லை, பயிரும் ஏறவில்லை. "அப்ப அவ தின்னாளா, தின்னலையா?" என்றான்.

"தின்னாலும் தின்னாட்டியும் இது வந்திருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன். இவங்க ரொம்ப நாளா அரை வயித்துக்குக்கூடச் சாப்பிடல. உங்க வீட்டுல யாரும் கவனிக்கலையா? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா மயங்கி விழுந்துதான் இங்க வந்திருப்பாங்க. இனிமே இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டு சோறு சாப்பிடணும்."

ஆகெனின் முகத்தில் ரத்தம் இல்லை. எழுந்தான், உட்கார்ந்தான். பிறகு இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத குரலில், "லாந்தி, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றான். அவன் அழுதிருந்தால்கூட எனக்கு இரக்கம் வந்திருக்காது. எனக்கு அவ்வளவு கோபம். லாந்தி கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டாள்:

"ரெண்டு வருஷமா தினம் சொன்னேன், தின்னலைன்னு. உங்க காதுல ஏறல. இப்ப ஒரு குப்பி ரத்தம் சொன்னதும் நம்பிட்டீங்க. உங்ககூட இருபத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்தினது நானா, அதுவா?"

டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மூடினார், திறந்தார். எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஊசி போட ஆரம்பித்த பிறகு லாந்தியின் கன்னத்தில் சதை வந்தது. பட்டறையை விட்டு நிற்கும் பேச்சை ஆகென் மறுபடி எடுக்கவேயில்லை. மதியம் பேருந்து ஓட்டத்தின் இடைவெளியில் அவனே சோறு கொண்டுவந்து பட்டறை வாசலில் நிற்பான். அவள் வாங்கிக்கொள்வாள், முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அவன் நினைத்தான். எனக்கென்னவோ அது ஆறுகிற கஞ்சியாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. இந்த வியாதி தாய் வழியாகவோ தகப்பன் வழியாகவோ பிள்ளைக்கும் வரலாம், வரவேண்டும் என்று கட்டாயமில்லை, மகள் சம்மதித்தால் அவள் ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்று வூ டாக்டர் சொல்லியிருந்தார். போனில் கேட்டபோது ஜியாமின், "எனக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று தட்டிக் கழித்துவிட்டாள்.

நடு இலையுதிர் விழா விடுமுறைக்கு அவள் வந்தாள். அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கருவாடு, அரிசி வில்லை, நண்டு என்று மேஜை நிறைய இருந்தது. ஜியாமின் வளவளவென்று பேசிக்கொண்டே ஒரு கோப்பைத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். இன்னொரு கோப்பை ஊற்றினாள். லாந்தியின் சாப்பாட்டுக் குச்சிகள் கிண்ணத்தின் மேலேயே நின்றுவிட்டன.

"தண்ணி ரொம்பக் குடிக்கிறியே."

"கருவாடு உப்பும்மா."

"இளைச்சிருக்க."

"பரீட்சை முடிஞ்சு வந்திருக்கேன், கொழுத்தா வருவேன்?" சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அம்மா, அப்படிப் பாக்காத. அப்பா உன்னைப் பாப்பாரே, அதே மாதிரி பாக்குற."

ஆகென் கிண்ணத்தைக் கீழே வைத்தான். லாந்தி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். தான் பட்டதைத் தன் பிள்ளைக்கே செய்துவிட்டோமா என்று அவள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

"நான் எதையும் மறைக்கலம்மா" என்றாள் ஜியாமின். "என்னை நம்ப மாட்டியா?"

லாந்தி கையை நீட்டி மகளின் கோப்பையில் அவளே தண்ணீர் ஊற்றினாள், விளிம்பு வரை.

"குடி. உன்னை நம்புறேன். உன் வாயால சொல்ற ஒவ்வொரு சொல்லையும் நம்புறேன். உன் ரத்தத்தைத்தான் நம்பலடி. அது என்கிட்டேருந்து வந்தது."