நோயாளி நாற்காலியில் ஒரு காலை

இன்று செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் ஹாலில் நோயாளியாக நடித்துவிட்டு வந்தேன்.

பெரிய வியாதியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று குடும்ப டாக்டர்களுக்குப் பயிற்சி. "ஸ்கூல்ல நாடகம் போடுறவங்களாச்சே, வாங்க டீச்சர்" என்று கூப்பிட்டார்கள்.

எதிரே உட்கார்ந்தவர் கீழ்பென்னாத்தூரில் க்ளினிக் வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும். "ரிப்போர்ட் நல்லா வரலீங்க" என்றார். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்போ உங்களுக்கு என்னம்மா ஆசை?"

மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். என் வாயில் வந்தது வேறு.

"மலைய ஒரு சுத்து சுத்தி வரணும் டாக்டர். நடக்க முடியலன்னா ஆட்டோவுலயாவது."

அது போன வருஷம் இறந்துபோன என் கணவரின் ஆசை. "அடுத்த பௌர்ணமிக்கு நடந்தே போலாம் சார்" என்றுதான் அவருடைய டாக்டர் மாசாமாசம் சொன்னார். நாங்களும் காத்திருந்தோம். ஆட்டோ ஸ்டாண்டு எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

முடிந்ததும் கீழ்பென்னாத்தூர் டாக்டர் கூச்சத்தோடு, "நான் கேட்டது சரியா இருந்துச்சாம்மா?" என்றார்.

"இன்னொரு தடவ கேளுங்க டாக்டர்" என்றேன்.

பாவம், தனக்குத்தான் பயிற்சி போதவில்லை என்று நினைத்து மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.