முப்பத்தொன்றாவது கை

2009இல் ஓய்வூதியம் எடுத்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பொழுதுபோக்கு பிரெஞ்சு நாடாளுமன்றம். பாரிஸ் புறநகரான செவ்ரானில் எங்கள் வீட்டில், மனைவி தொடர் நாடகம் பார்க்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சபை விவாதங்களைக் காட்டும் சனலைப் போட்டுவைப்பேன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைப் பரிசோதித்தவன் நான். இங்கே வந்து ஒரு ஹோட்டலின் களஞ்சிய அறையில் துவாய்களையும் சவர்க்காரக் கட்டிகளையும் எண்ணி இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கினேன். எதையும் எண்ணாமல் பார்க்க எனக்கு வராது. ஒரு கொப்பியில் கோடு கீறி, ஆதரவு, எதிர்ப்பு, வாக்களியாமை என்று மூன்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு வாக்கெடுப்பையும் பதிந்துவந்தேன்.

வரியைக் கூட்டுவதா குறைப்பதா, அரசின் செலவில் எங்கே வெட்டுவது, சிறு கடைக்காரருக்கு இத்தனை ஒழுங்குவிதிகள் தேவையா, வெள்ளம் புகுந்த ஊருக்கு என்ன கொடுப்பது என்று விவாதங்கள் போகும். வெள்ள நிவாரணத்தை நேரடியாக எதிர்த்த ஒரு தெப்பியுத்தேயையும், அதாவது சபை உறுப்பினரையும், நான் பார்த்ததில்லை. எல்லாரும் இரக்கத்தோடுதான் தொடங்குவார்கள். பிறகு ஒருவர், இந்தப் பணத்துக்கு ஈடாக எதை வெட்டப் போகிறீர்கள் என்பார். மற்றவர், இன்றைக்கு இவர்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லா ஊரும் வந்து நிற்கும் என்பார். இன்னொருவர் கால் மணி நேரம் குரல் தழுதழுக்கப் பேசிவிட்டு வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் சேராமல் இருந்துவிடுவார். எதிர்த்தவர்கள் மீது எனக்குக் கோபம் வந்ததில்லை. தங்கள் நிலையைச் சொல்லிவிட்டார்கள். இந்த மூன்றாவது ஆட்களுக்குத்தான் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவேன்.

"உங்களுக்கு இஞ்சை வோட்டே இல்லை. அவங்கள் கையைத் தூக்கினா என்ன, காலைத் தூக்கினா என்ன?" என்பாள் மனைவி.

அது உண்மை. குடியுரிமைக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை. படிவத்தில் எங்காவது பிழை விட்டு, இருக்கிற கார்த்தும், அந்த வதிவிட அட்டையும், கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். எனக்கு வாக்கு இருந்த ஒரே இடம் எங்கள் ஊர்ச்சங்கம்.

பாரிஸின் லா சப்பலில், ஃபொபூர் சேன்-தெனி வீதியில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஊரில் பிறந்தவர்கள் மட்டும் அங்கத்தவர்கள். நான் செயலாளர். போர் முடிந்த வருடத்தில் முகாம்களில் இருந்த சனத்துக்கென்று அவசரம் அவசரமாகக் காசு சேர்த்து அனுப்பினோம். யாருக்குப் போனது, எவ்வளவு போனது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சண்டையில் சங்கம் இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகுதான் நிவாரண நிதிக்கு விதிகள் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். ஊர் எல்லைக்குள் இருக்கும் வீடுகளின் திருத்த வேலைக்கு மட்டும் உதவி. எடுக்கும் தொகையை அங்கத்தவர்கள் மேலதிகச் சந்தா கட்டி நிரப்ப வேண்டும். செலவுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும். வாக்குகள் சமமானால் பிரேரணை தோற்றதாகக் கொள்ளப்படும். நான்கு விதிகள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் பார்த்து எழுதினேன். அவற்றில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சில வருடங்கள் கழித்து ஒரு மார்கழியில் வன்னியில் பெருமழை பெய்தது. குளத்தின் கதவுகளைத் திறந்துவிட, தண்ணீர் குடிமனைகளுக்குள் புகுந்தது. அந்த வாரம், எங்கள் வீதியில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் வன்னிக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாற்பது வயது இருக்கும். அவருடைய மனைவி எங்கள் ஊரில் பிறந்தவள். கலியாணம் முடித்து வன்னிக்குப் போனவள். இவர் பிரான்சுக்கு வந்து இரண்டு வருடம்தான். பப்பியே, அதாவது வதிவிடப் பத்திரம், இன்னும் சரிவரவில்லை.

"மனிசியும் ரெண்டு பெட்டையளும் பள்ளிக்கூடத்திலை இருக்கினம் ஐயா. ஜனவரி பள்ளிக்கூடம் துவங்குது, வகுப்பறையை விடச் சொல்லியாச்சு."

"வீடு?"

"சுவர் நிக்குது. கூரை போயிட்டுது. தகரம் போட்டாக் காணும். சின்னவளுக்கு மூச்சிழுப்பு. தறப்பாள் கூடாரத்துக்குள்ளை வைச்சிருக்கேலாது."

கடிதமாக எழுதித் தரச் சொன்னேன். விதியைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"விதி எழுதினது நீங்கள்தானாமே?"

"எழுதினது நான்தான். அதுக்காக நான் நினைச்சபடி மாத்தேலாது."

தலையை ஆட்டினார். அங்கத்தவர் இல்லாவிட்டாலும் ஊர் மருமகன் என்ற முறையில் கூட்டத்துக்கு வரலாமா என்று கேட்டார். வரலாம், வாக்கு இல்லை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்யும் இடத்தில் கேட்டு வாங்கிய பெரிய தேத்தண்ணிப் போத்தலோடும் ஒரு பை நிறையக் கடதாசிக் கப்புகளோடும் வந்து, எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவடியில் நின்றார்.

இந்த ஒரு முறை மட்டும் ஊர் எல்லை விதியைத் தளர்த்துவது என்று மரக்கறிக் கடைக்காரர் பிரேரணை கொண்டுவந்தார். "பிள்ளை எங்கடை ஊரிலை பிறந்தவள். கலியாணம் கட்டிப் போனாப்போலை ஊர் இல்லையெண்டு ஆகுமோ?"

காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்யும் அங்கத்தவர் எழும்பினார். "எனக்கும் இரக்கம் இருக்கு. ஆனா அப்பிடிப் பாத்தா லண்டனும் கனடாவும் எங்கடை ஊர்தான். காசை எடுத்தா ஆளுக்கு இருபது ஈரோ கூடக் கட்டவேணும். அதுக்குப் பேர் வரி. வரிக்கு நான் சம்மதமில்லை."

"மகளின்ரை சாமத்தியவீட்டுக்குக் குதிரை வண்டில் பிடிச்சனீர். அந்தக் குதிரை தின்ற புல்லுக் காணும் இருபது ஈரோவுக்கு," என்றார் மரக்கறிக் கடைக்காரர்.

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. கதவடியில் நின்றவர் சிரிக்கவில்லை. அவர் பேசுகிறவர்களின் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பேச்சுகள் எல்லாம் முன்பே கேட்டவை போல இருந்தன. தொலைக்காட்சியில் கேட்டவைதான். இங்கே தமிழில் நடந்தன.

தலைவர் கை உயர்த்தச் சொன்னார். எண்ணுவது என் வேலை. ஆதரவு பதினைந்து. எதிர்ப்பு பதினைந்து. தலைவரின் கை எதிர்ப்பில் இருந்தது. என்னுடைய ஒரு கையில் வருகைப் பதிவேடு, மற்றக் கையில் பேனா.

"அண்ணை, கணக்கு?"

"பதினைஞ்சுக்குப் பதினைஞ்சு. சமநிலை. விதிப்படி பிரேரணை தோத்துது."

ஒருவரும் மறுத்துக் கேட்கவில்லை. என் எண்ணிக்கையில் பிழை வரும் என்று யாருக்கும் தோன்றாது. கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார்கள்.

வன்னிக்காரர் வெறும் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, நான் முப்பத்தொரு கப் ஊத்தினனான்."

பதிவேட்டை மூடினேன்.

"எனக்கு ஊத்தேல்லை," என்றார்.

என் கப் பாதி நிறைந்தபடி மேசையில் ஆறிப்போயிருந்தது. அதை வாங்கவென்று கை நீட்டினார். கொடுத்தேன். மிச்சத் தேத்தண்ணியைப் போத்தல் மூடியில் ஊற்றிவிட்டு, கப்பை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ரயிலில் பதிவேட்டைத் திறந்து கையெழுத்துகளை இரண்டு தரம் எண்ணினேன். முப்பத்தொன்று. முதலாவது கையெழுத்து என்னுடையது. எண்ணுகிற அவசரத்தில் என்னை மறந்துபோனேன் என்று சொல்லலாம், எல்லாரும் நம்புவார்கள். நான் மறக்கவில்லை. ஆதரவாகத் தூக்கினால் நான் எழுதிய விதியை நானே உடைக்க வேண்டும். பழைய சண்டை திரும்ப வரும். எதிர்ப்பாகத் தூக்கினால் கதவடியில் நிற்பவர் பார்ப்பார். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கூட்ட அறிக்கை எழுத உட்கார்ந்தபோது கணக்குப் பொருந்தவில்லை. வருகை முப்பத்தொன்று, வாக்கு முப்பது. வருகையை முப்பது என்று எழுதிப் பார்த்தேன். கையெழுத்துகள் இருந்தன. அறிக்கையை அப்படியே மூடி வைத்துவிட்டேன். மனைவி இல்லாத நேரத்தில் சனலைப் போட்டால், வாக்களியாதோர் எண்ணிக்கை திரையில் வரும்போது வேறு பக்கம் பார்த்தேன்.

ஜனவரி நடுப்பகுதியில் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் சொன்னார்: "அந்தக் குடும்பம் வகுப்பறையை விட்டிட்டுதாம். தறப்பாள்தான். சின்னதை ரெண்டு நாள் ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தவையாம்." எத்தனை காய் என்று கேட்டார். சொல்லத் தெரியாமல் கையில் இருந்ததை அப்படியே நீட்டினேன்.

அன்றிரவே அறிக்கையை முடித்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து வாசித்தேன்: வருகை முப்பத்தொன்று, ஆதரவு பதினைந்து, எதிர்ப்பு பதினைந்து, வாக்களியாதோர் ஒருவர், அவர் செயலாளர்.

"அண்ணை, இதை எழுதத்தான் வேணுமோ?" என்றார் தலைவர்.

"நடந்தது இதுதான்."

காப்புறுதிக் கந்தோர்க்காரர் பின்வரிசையில் இருந்து சொன்னார்: "தெப்பியுத்தேமாரை டிவியிலை பாத்துப் பாத்து அண்ணைக்கும் அந்த வருத்தம் தொத்திட்டுது." எல்லாரும் சிரித்தார்கள். தலைவரின் மேசைக்குப் பக்கத்தில், தேத்தண்ணிப் போத்தல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வன்னிக்காரர் வரவில்லை.

அதே பிரேரணையைத் திரும்ப எடுக்கக் கேட்டேன். எண்ணும் வேலையைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். இரண்டு வாக்கால் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த கந்தோர்க்காரர்தான் மேலதிகச் சந்தாவை முதலில் கட்டினார். "பற்றுச்சீட்டிலை வரியெண்டு எழுதுங்கோ அண்ணை," என்றார். அப்படியே எழுதினேன்.

எல்லாரிடமும் சேர்த்து முடிய மாசி வந்துவிட்டது. கடித உறையோடு ரெஸ்ரோரண்டின் பின்கதவடிக்குப் போனேன். ஈர ஏப்ரனோடு வெளியே வந்தார்.

"கூரை போட்டாச்சு ஐயா," என்றார், நான் சொல்லி முடிக்க முதல்.

"எப்பிடி?"

"மனிசியின்ரை தாலிக்கொடி அடைவிலை."

திருத்த வேலைக்குத்தான் நிதி, அதுவும் பற்றுச்சீட்டோடு. அடைவு மீட்க விதியில் இடமில்லை. என்னை அறியாமலே வாய் திறந்தது.

"தகரம் வாங்கின துண்டு ஏதும்..."

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வெள்ளம் வந்த இடத்திலை தகரக் கடைக்காரன் துண்டு எழுதிக்கொண்டிருக்கேல்லை ஐயா."

உறையைக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து மட்டும் கேட்டேன். சுவரில் தாளை வைத்து, ஈரம் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போட்டார். அந்த வருடக் கணக்கில் அந்தத் தொகைக்கு நேரே, பற்றுச்சீட்டு இல்லை, பொறுப்பு செயலாளர் என்று எழுதியிருக்கிறேன். என் கையால் எழுதிய கணக்குகளில் அப்படி ஒரு வரி அது மட்டும்தான்.

"சின்னவளுக்கு இப்ப எப்பிடி?"

"முந்தி மழை பெய்தாத்தான் வரும். இப்ப வெயிலுக்கும் வருது."

உள்ளே இருந்து யாரோ பிளேட் கேட்டுக் கூப்பிட்டார்கள். உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு முழுவதும் சாத்தவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.